உஷார்! கிளட்ச் பெடலின் ‘பிளே’யைத் தொலைத்துவிடாதீர்கள்

இந்த வாரம் உங்கள் மேனுவல் காரின் கிளட்ச் பெடலை யாராவது ‘அட்ஜஸ்ட்’ செய்து கொடுத்திருந்தால், இன்று மாலை அந்தக் காரோடு பினாங்குப் பாலத்தில் ஏறாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். பெடல் முன்னைவிடக் கச்சிதமாகிவிட்டது, கால் பட்டதுமே வேலை செய்கிறது, ஓட்டுவதற்கே ஆனந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் இன்னும் அவசரமாகப் படியுங்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நான்கு நாள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பாயான் லெப்பாசில் வேலை முடிந்து ஆறு மணிக்குப் பாலத்தில் ஏறினேன். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். முதல் கியர், பத்தடி, நிறுத்தம். மறுபடி முதல் கியர். அரை மணி நேரமாக இடது கால் ஓயவில்லை. மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. நடுவே கேபிள்கள் தாங்கும் பகுதியை நோக்கிச் சாலை மேடாகத் தொடங்கிய இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். மீட்டரில் முள் ஏறியது. கார் ஏறவில்லை.

இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இன்ஜின் கத்தியது, சக்கரம் சோம்பியது. அப்புறம் அந்த நாற்றம். பழைய கப்பல் கயிறு கருகினால் வருமே, அப்படி ஒரு காரல். பின்னால் நின்ற லோரி ஹாரனை அழுத்தியபடியே இருந்தது. இடப்பக்கம் தூரத்தில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் விளக்குகள் தெரிந்தன. முன்னே போக முடியாது, திரும்ப வழியில்லை, கீழே கடல். எச்சரிக்கை விளக்குகளைச் சிமிட்டவிட்டு, வலது பக்கத்திலிருந்து இடது ஓரத்துக்கு அந்தக் காரை நகர்த்துவதற்குள் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. வேகமாக வந்த ஒரு மோட்டார்சைக்கிள்காரர் கடைசி நொடியில் ஒடித்து விலகினார். அவர் பிழைத்தது அவருடைய திறமை. என் காரின் நிலைமைக்கு அவர் பொறுப்பில்லை.

இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது மறுநாள் காலை. டோ லோரியில் ஏற்றி வீடு சேர்த்த காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது! கிளட்ச் பிடித்தது, கியர் விழுந்தது, நாற்றம்கூடக் குறைந்திருந்தது. அன்றைக்கு நான் ‘ஏதோ சூட்டில் அப்படி ஆகிவிட்டது’ என்று விட்டிருந்தால், திங்கட்கிழமை மறுபடி அதே பாலத்தில் நின்றிருப்பேன்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய போமேன் இருக்கிறார். கார் வைத்திருக்கும் தமிழர்கள் பலருக்கு அவர் ‘அண்ணே’. கதையைக் கேட்டதும் பானெட்டைத் திறக்கவில்லை. “தம்பி, குளிர்ந்த காடியக் காட்டி நோயச் சொன்னா எனக்கு என்னா தெரியும்? போய் நல்லா சூடாக்கிட்டு வா. நெரிசல்ல விட்டு எடு” என்றார். ஜெலுத்தோங் பாசாரைச் சுற்றி ஊர்ந்து ஊர்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அதற்குள் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. அவர் காருக்கடியில் படுத்து, கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் கீழ் பம்பின் காற்று நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினார். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. அப்படியும் உள்ளேயிருந்து எண்ணெய் சர்ரென்று பீய்ச்சியது. நிப்பிளை இறுக்கிவிட்டு, “இப்ப ஓட்டிப் பாரு” என்றார். கிளட்ச் கல்லுபோலப் பிடித்தது.

மிதிக்காத பெடலில் அழுத்தம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் ஒரு கிளட்ச் பிளேட்டும் ஒரு மோசமான மாலையும் எனக்கு மிச்சமாகியிருக்கும். கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

இன்றைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் கொண்டவை. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, பழைய ஹோண்டா எஸ்2000 எல்லாம் அந்த வகைதான். பெடலை மிதித்தால் அதோடு பிணைத்த ஒரு ராடு, மேல் பம்புக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே போய்க் கீழ் பம்பைத் தள்ளும். கீழ் பம்ப் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்க, இன்ஜினும் கியர்பாக்சும் பிரியும். காலை எடுத்தால் எல்லாம் பின்வாங்கி, பிரஷர் பிளேட் தன் முழுப் பலத்தோடு கிளட்ச் பிளேட்டைக் கவ்விக்கொள்ளும்.

இதில் யார் கண்ணிலும் படாத ஓர் உறுப்பு உண்டு. மேல் பம்புக்குள், பிஸ்டனின் ரப்பர் வாஷருக்குச் சற்று முன்னால், ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பெடல் ஓய்வாக இருக்கும்போது அந்தத் துளை திறந்திருக்கும். குழாயில் இருக்கும் எண்ணெய்க்கும் மேலே டப்பாவில் இருக்கும் எண்ணெய்க்கும் அதுதான் வாசல். பெடலை மிதித்ததும் ரப்பர் வாஷர் அந்தத் துளையைத் தாண்டும், வாசல் மூடும், அழுத்தம் பிறக்கும். காலை எடுத்ததும் வாசல் மறுபடி திறக்கும். சில கம்பெனிகள் துளைக்குப் பதிலாகச் சின்ன வால்வு வைக்கின்றன, விதி ஒன்றுதான். ஓய்வில் வாசல் திறந்தே இருக்க வேண்டும்.

ஏன்? எண்ணெய் சூட்டில் விரியும். நெரிசலில் இன்ஜின் சூடும் சைலன்சர் குழாயின் சூடும் கிளட்ச் உராயும் சூடும் சேர்ந்து அந்தக் குழாயையும் கீழ் பம்பையும் காய்ச்சும்போது, விரிந்த எண்ணெய் எங்காவது போயாக வேண்டும். வாசல் திறந்திருந்தால் சத்தமில்லாமல் டப்பாவுக்குத் திரும்பும். மூடியிருந்தால் போகும் இடம் ஒன்றே ஒன்று: கீழ் பம்ப். யாரும் மிதிக்காமலே அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளத் தொடங்கும். அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் உங்கள் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே வரும். பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் எண்ணெய் மேலும் விரியும், மேலும் தள்ளும். தானே தன்னை எரித்துக்கொள்ளும் வட்டம் இது. கார் குளிர்ந்ததும் எண்ணெய் சுருங்கிவிடும். அதனால்தான் மறுநாள் காலை என் கார் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தது.

என் அப்பா துறைமுகத்தில் தொங்கானில் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான்கள் பினாங்கில் நிறைய இருந்த காலம். படகைக் கட்டும்போது கயிற்றில் கொஞ்சம் தளர்வு விடாமல் இறுக்கிக் கட்டுபவனை அவர் பக்கத்திலேயே சேர்க்க மாட்டார். நீர் ஏறியிருக்கும்போது இறுக்கிக் கட்டிய படகு, நீர் வற்றும்போது கயிற்றில் தொங்கும். கயிறு அறுந்துபோகும், அல்லது கட்டிய கட்டை பிடுங்கிக்கொள்ளும். பெங்காலான் வெல்ட் ஓரத்தில் இன்றைக்கும் சம்பான்களைப் பாருங்கள், கயிறு தொய்ந்துதான் கிடக்கும். பெடலில் இருக்கும் ‘பிளே’ அந்தத் தொய்வுதான். கடல் நீர் ஏறி இறங்குவதுபோல எண்ணெயும் சூட்டில் ஏறி இறங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும்.

பிளே என்பது என்ன என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெடலைக் காலால் மிதிக்காமல் கை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் லேசாக அசையும். அப்புறம் ராடு பிஸ்டனைத் தொட்டு, கனம் தெரியும். அந்த லேசான தூரம்தான் பிளே. டொயோட்டாவின் பல மேனுவல் கார்களுக்கு அது பெடல் முனையில் 5 முதல் 15 மில்லிமீட்டர். அதற்குள் ராடு மட்டும் சும்மா ஆடும் தூரம் 1 முதல் 5 மில்லிமீட்டர். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வேறு காரின் அளவைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். பெடல் ஒரு நெம்புகோல் என்பதையும் மறக்கக் கூடாது. ராடில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் பெடல் முனையில் ஐந்தாறு மில்லிமீட்டர் தெரியும். ‘சும்மா அரைச் சுற்றுதானே’ என்று யாராவது சொன்னால் அரைச் சுற்றே நிறைய என்று சொல்லுங்கள்.

சரி, என் காரில் என்ன நடந்தது? நெரிசலில் முட்டி வலிக்கிறது, கிளட்ச் பெடல் பிரேக்கைவிட உயரமாக நிற்கிறது, கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் என்று ஒரு பட்டறையில் நானேதான் கேட்டேன். பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், ஒரு தடுப்பு போல்ட் இருக்கிறது. பெடல் மேலே எவ்வளவு தூரம் எழும்பலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பையன் அதைச் சில சுற்று உள்ளே திருகினான். பெடல் இறங்கியது. ஐந்து நிமிட வேலை, பத்து ரிங்கிட். ராடைத் தொடவே இல்லை. தவறு அங்கேதான். பெடலை மட்டும் கீழே இறக்கிவிட்டு ராடின் நீளத்தைக் குறைக்காவிட்டால், ராடு ஓய்விலும் பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருக்கும். வாசல் மூடிவிடும். உயரம் வேறு, பிளே வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றதைத் திருத்தியே ஆக வேண்டும். இந்த ஒரு வரியைத் தெரியாதவர் கையில் உங்கள் பெடலைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

நான்கு நாள் எனக்கு அந்த ‘கச்சிதம்’ ஏன் பிடித்திருந்தது என்றும் இப்போது புரிகிறது. சும்மா அசையும் தூரமே இல்லை. கால் பட்டதும் கனம். ரேஸ் கார் மாதிரி இருந்தது. ஆபத்தின் முதல் அறிகுறியே அதுதான். அதைத்தான் நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் மனசோடு வைத்துக்கொண்டிருந்த என்னை எழுத வைத்தது முந்தாநாள் வந்த ஒரு போன். பட்டர்வொர்த்திலிருந்து தங்கை மகன். போன மாதம்தான் பழைய மேனுவல் கார் ஒன்றை வாங்கினான். “மாமா, கிளட்ச் ரொம்பக் கீழ பிடிச்சுச்சு. நானே உள்ள படுத்து ராட நீட்டி வெச்சிட்டேன். இப்ப மேலயே பிடிக்குது, சூப்பரா இருக்கு” என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “டேய், அந்தக் காடிய எடுக்காத. மொதல்ல கால் வைக்கிற இடத்துல விரிப்பத் தூக்கிப் பாரு” என்றேன். பார்த்தான். பெடலுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், மேல் பம்ப் பொருத்திய இடத்தில், ஈரம். பெயிண்ட் உரிந்திருந்தது. பிரேக் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் அப்படித்தான் பூத்து உரியும்.

இது வேறு வகை ஆபத்து, முன்னதைவிட மோசமானது. நன்றாக இருந்த கிளட்ச் திடீரென்று தரையோடு பிடிக்க ஆரம்பித்தால், கார் உங்களிடம் ஏதோ சொல்கிறது: எங்கோ கசிவு, அல்லது குழாயில் காற்று, அல்லது பம்பின் ரப்பர் தேய்ந்துவிட்டது. ராடை நீட்டி அதைச் சரிக்கட்டுவது, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்குவதற்குச் சமம். கசிவு அங்கேயேதான் இருக்கும். ஒரு நாள் பெடலை மிதிப்பீர்கள், அது எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போகும், திரும்பி வராது. கியரில் இருக்கும் காரை இன்ஜினிலிருந்து பிரிக்க வழி இருக்காது. சிவப்பு விளக்கில், ஆட்கள் கடக்கும் கோட்டுக்கு முன்னால் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்குக் கீழ் பம்ப் கசிவது புதிதல்ல; அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கி ஈரம் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். மற்றவர்களும் அந்தப் பழக்கத்துக்கு வர வேண்டும். இன்னொன்று: சில கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய் டப்பாதான். அங்கே மட்டம் இறங்குவதைக் கிளட்ச் விஷயம் என்று அலட்சியம் செய்தால், அடுத்துக் கைவிடப் போவது பிரேக்காகவும் இருக்கலாம்.

எண்ணெயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது பிரேக்குக்கு ஊற்றும் அதே எண்ணெய். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205லிருந்து 140. கடலுக்கு நடுவே, வருடம் முழுக்கப் புழுங்கும் தீவில் வாழ்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டப்பாவுக்குள் கோப்பி ஓ மாதிரி கறுத்திருந்தால் இரண்டு வருடம்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

‘கிளட்ச் கருகினால் என்ன, புதுசு போட்டால் போச்சு’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கருகுவதோடு நிற்காது. 2023ஆம் வருடம் அமெரிக்காவில் ஜீப் கம்பெனி, மேனுவல் கியர் கொண்ட ராங்ளர், கிளாடியேட்டர் வண்டிகளில் 69,000க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், கிளட்சின் பிரஷர் பிளேட் உராய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறி உடையலாம், சூடான துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டை உடைத்து வெளியே வந்து தீப்பிடிக்க வைக்கலாம் என்பது. அங்கே கோளாறு தயாரிப்பில். பெடலை யாரும் திருகவில்லை. ஆனால் வழுக்கும் கிளட்ச் எவ்வளவு சூட்டை உண்டாக்கும் என்பதற்கு ஒரு கம்பெனியே தந்த சாட்சி அது. பாயா தெருபோங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில், வளைவுக்கு வளைவு முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது அந்தச் சூட்டை உங்கள் இருக்கைக்கு ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறீர்கள். சனி, ஞாயிறு விடிகாலையில் அந்த மேட்டுக்குப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தம்பிகளா, நாற்றம் வந்த பிறகு ‘மேலே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஏறாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிளே அளவுக்கு மீறிப் போனால், பெடலைத் தரைவரை மிதித்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது. ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று பல் கடிக்கும். முதல் கியர் விழ அடம்பிடிக்கும். கியர்களை இணங்க வைக்கும் பித்தளை வளையங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது கிளட்சைவிடப் பெரிய செலவு. தடிமனான விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பெடல் தரையைத் தொடாமலே நின்றாலும் இதே கதைதான். போமேனிடம் போகும் முன் விரிப்பைத் தூக்கிவிட்டு ஒருமுறை மிதித்துப் பாருங்கள்; பத்து காசு செலவில்லாமல் நோய் போய்விடக்கூடும்.

ஆபத்து அளவில் மட்டும் இல்லை, கைவேலையிலும் இருக்கிறது. ராடைத் திருகி முடித்ததும் அதன் லாக் நட்டை இறுக்க மறந்தால், ஓட்ட ஓட்ட ராடு தானே சுழன்று அளவை மாற்றும். இன்று சரியாக இருந்தது அடுத்த வாரம் இருக்காது. பெடலையும் ராடையும் இணைக்கும் ஊசியின் நுனியில் ஒரு சின்னக் கிளிப் உண்டு. கழற்றியவர் அதை மறுபடி மாட்டவில்லையென்றால், ஊசி ஒரு நாள் நழுவும். பெடல் எதனோடும் ஒட்டாமல் தொங்கும். மூன்றாவதாக, பல கார்களில் பெடலோடு ஒரு சுவிட்ச் இருக்கும். கிளட்சை மிதித்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காக வைத்தது, அல்லது குரூஸ் கண்ட்ரோலை விடுவிப்பதற்காக வைத்தது. பெடல் உயரத்தை மாற்றி, சுவிட்சை அப்படியே விட்டால், ஒன்று கார் ஸ்டார்ட் ஆகாது. இல்லையென்றால் கிளட்ச் பிரியாமலே ஸ்டார்ட் ஆகும். கியரில் நிறுத்தியிருந்த கார் அப்போது ஒரு குதி குதிக்கும். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் அஞ்சடியை ஒட்டிக் காரை நிறுத்துகிறோம். அந்த அஞ்சடியில் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஹாஃப் கட் கடைகளில் பெடல் செட்டோ பம்போ வாங்கிப் பொருத்துபவர்களும் கவனிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வெட்டி வந்த காரின் சாமான் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதன் ராடு அந்தக் காரின் அளவுக்கு வைத்தது. மாட்டியதும் உங்கள் காருக்கு உயரம், பிளே, சுவிட்ச் மூன்றையும் புதிதாக வைத்தாக வேண்டும். அப்புறம் டொயோட்டா 86 வகைக் கார்களில் பெடலோடு இருக்கும் தடித்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிவது இப்போது ஒரு மோகம். கால் மிதிக்கும் உணர்வு சீராகிறது என்கிறார்கள். அந்த ஸ்பிரிங்தான் ஓய்வில் பெடலை மேலே தள்ளி நிறுத்தியும் வைக்கிறது. அதை எடுத்த பின் பெடல் கடைசிவரை எழும்பவில்லையென்றால், தடுப்பு போல்ட்டைத் திருகியதில் வந்த அதே வினைதான், வாசல் மூடிவிடும்.

பழைய புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் எண்ணெய் இல்லை, கேபிள். பிளேட் தேயத் தேயப் பெடலின் பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும், கிளட்ச் மேலே மேலே பிடிக்கும். அவ்வப்போது கேபிளைத் தளர்த்திவிட வேண்டும். ‘இப்பத்தான் நல்லா பிடிக்குது’ என்று விட்டால் ஒரு நாள் பிளே பூஜ்யமாகி, பேரிங் ஓயாமல் சுழன்று, பிளேட் வழுக்கும். போகும் வழி வேறு, போய்ச் சேரும் இடம் அதேதான்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். ஆட்டோ காருக்கு மட்டுமான டிஏ லைசென்ஸ் வந்த பிறகு, கிளட்ச் மிதித்தே பழகாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. அது தவறில்லை. ஆனால் அவர்களில் சிலர் ஆசைப்பட்டு மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கும்போது, நல்ல கிளட்ச் எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிவதில்லை. டிஏ லைசென்சோடு மேனுவல் காரை ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். லைசென்ஸை முறையாக எடுங்கள். எடுத்த பிறகு, நன்றாக இருக்கும் ஒரு மேனுவல் காரை யாரிடமாவது கேட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்; உங்கள் காரை ஒப்பிட அதுதான் அளவுகோல்.

முன்பெல்லாம் காரில் கோளாறு என்றால் நாங்கள் ஃபெரியில் ஏற்றிவிடுவோம். இன்ஜினை நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, காற்று வாங்கிக்கொண்டே அக்கரை போய்ச் சேரலாம். 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. இன்று கடலைத் தாண்ட வேண்டுமென்றால் பாலம்தான், அதுவும் உங்கள் கிளட்சை நம்பித்தான்.

ஆகவே போமேனிடம் போகும்போது ‘பெடலை இறக்கிக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உயரத்தை மாற்றினால் பிளேயை எவ்வளவு வைப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பட்டறை பாருங்கள். வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே விரலால் தள்ளிப் பாருங்கள். அதோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். குளிர்ந்த காரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நான் ஏமாந்தது அங்கேதான். அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, மறுபடி விரல் வையுங்கள். காலையில் இருந்த பிளே சூட்டில் காணாமல் போயிருந்தால் எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லை என்று அர்த்தம். ஆளில்லாத சாலையில், நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்திப் பாருங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும்.

ஜெலுத்தோங் அண்ணன் என் காரைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். லாக் நட்டைத் தளர்த்தினார், ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், ஒவ்வொரு முறையும் என் விரலைப் பிடித்துப் பெடலில் வைத்து, “தெரியுதா? இன்னும் இல்லையா?” என்று கேட்டார். தெரிந்ததும் நட்டை இறுக்கினார். கருகிய பிளேட்டை மாற்ற இன்னொரு நாள் ஆனது. அதற்கு ஆன செலவை அந்தப் பத்து ரிங்கிட்டோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. தங்கை மகனின் கார் இன்னும் பட்டர்வொர்த் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. புது மேல் பம்ப் வந்து, காற்றெடுத்து, ராடைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாவி என்று தங்கை சொல்லிவிட்டாள்.

நீங்கள் இதை வேலை முடிந்து வந்து படிக்கிறீர்கள் என்றால் இன்ஜின் இன்னும் சூடாகத்தான் இருக்கும். நல்ல நேரம் அதுதான். கார்க் கதவைத் திறந்து, குனிந்து, ஆள்காட்டி விரலால் கிளட்ச் பெடலைத் தள்ளிப் பாருங்கள். லேசாக அசைந்தால் போய்ச் சாப்பிடுங்கள். அசையவில்லையென்றால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக் காலை போமேனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.